முதல் குளிர்காலம்: வீட்டோடு கிடப்பதா, ஊர் சுற்றுவதா?

6 அக்டோபர் 2024 – வாசகர் கேள்வி

மதுரையிலிருந்து எழுதுகிறேன். லைப்ஸிக்கில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் விசா வந்துவிடும் என்று நம்புகிறேன். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடமாக இருக்கும் உறவினர் ஒருவர், "முதல் குளிர்காலத்தில் எங்கேயும் கிளம்பாதே, வீட்டோடு கிட. ஊர் பழகிய பிறகு சுற்றலாம்" என்கிறார். நண்பர்களோ, ஐரோப்பாவுக்குப் போய் அறைக்குள் கிடக்கவா இத்தனை லட்சம் கட்டினாய் என்று கேலி செய்கிறார்கள். எது சரி?

7 அக்டோபர் 2024

உறவினர் பேச்சைக் கேட்காதீர்கள், தம்பி.

நானும் லைப்ஸிக்தான், திருச்சிக்காரி. ஏப்ரலில் வேலைக்கு வந்தேன். இறங்கிய அன்று 4 டிகிரி. அதைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், குளிர் ஒரு பொருட்டே இல்லை. நல்ல கோட் ஒன்று, உள்ளே மெல்லிசாக இரண்டு மூன்று உடைகள். இதை இங்கே வெங்காய முறை என்கிறார்கள். உள்ளே போனால் ஒவ்வொரு தோலாக உரிக்க வேண்டும், வெளியே வந்தால் மறுபடி மாட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்துவிடுங்கள். ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் அதற்கு வேண்டும். அது முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். பிறகு உங்களை யாரும் கட்டிப்போடப் போவதில்லை. ஜெர்மன் விசாவையோ வதிவிட அட்டையையோ வைத்துக்கொண்டு, 180 நாளில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளைச் சுற்றலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. அட்டை பர்ஸில் இருந்தால் போதும், பாஸ்போர்ட்டை வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுக் கிளம்பலாம். மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுக்க ரயில். நவம்பரில் ஹோட்டல் அறை வாடகையும் இறங்கிக் கிடக்கும்.

கிளம்புங்கள்.

9 அக்டோபர் 2024

பிராங்பர்ட் அண்ணன் ஒருவர் மூன்று திருத்தங்கள் அனுப்பியிருக்கிறார். ஒன்று, 49 யூரோ டிக்கெட் அதிவேக ரயில்களில் செல்லாது. வட்டார ரயில், டிராம், பஸ் மட்டும். சரி. இரண்டு, ஜனவரியிலிருந்து அது 58 யூரோ. அதுவும் சரி. மூன்று, ஒரு குளிர்காலம்கூடப் பார்க்காமல் குளிர்காலத்துக்கு ஆலோசனை சொல்பவரை அவர் இப்போதுதான் பார்க்கிறாராம். இதைத் திருத்தம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

28 அக்டோபர் 2024

நேற்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஊருக்கும் இங்கேயும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது. அம்மா படுக்கப் போகுமுன் ஒன்பது மணிக்குப் பேசுவாள். எனக்கு அது ஐந்தரை, வேலை முடிந்து டிராமுக்கு நிற்கும் நேரம். இனி நாலரை. இன்று கூட்டத்தின் நடுவில் கைபேசி அதிர்ந்தது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டாள்: "நேரத்தை நீங்களே மாற்றிக்கொள்வீர்களா? யாரைக் கேட்டு?"

1 நவம்பர் 2024

நேற்று தீபாவளி. லைப்ஸிக் இருக்கும் சாக்சனி மாநிலம் முழுக்க அரசு விடுமுறை! நமக்காக இல்லை. 1517ஆம் ஆண்டு அதே அக்டோபர் 31இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய கிறித்தவச் சீர்திருத்தத்தின் நினைவு நாள். எதுவானால் என்ன, எண்ணெய் தேய்த்துக் குளிக்க நேரம் கிடைத்தது. நல்லெண்ணெய் தீர்ந்திருந்தது, தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் மெழுகாகக் கிடந்தது. ஹீட்டர் மேல் வைத்து உருக்கினேன். பட்டாசு கிடையாது. இங்கே அதை வருடத்தின் கடைசிச் சில நாட்களில்தான் கடையில் விற்கலாம்.

மதுரைத் தம்பிக்கு விசா இன்னும் வரவில்லையாம். வரும்.

25 நவம்பர் 2024

வியன்னா போய் வந்தேன். போன புதன்கிழமை பிரார்த்தனைக்கும் மனந்திரும்புதலுக்குமான நாள் என்று ஒரு விடுமுறை. ஜெர்மனியில் சாக்சனிக்கு மட்டும்தான் அன்று லீவு. இரண்டு நாள் கூட லீவு போட்டு ஞாயிறுவரை இழுத்துக்கொண்டேன்.

49 யூரோ டிக்கெட் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன்வரை செல்லும். இது பலருக்குத் தெரியாது. ரயில் மாறி மாறி, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முதுகு பெயர்ந்துவிடும், காசு மிச்சம். அங்கிருந்து வியன்னாவுக்குத் தனி டிக்கெட், இரண்டரை மணி நேரம்.

அரண்மனைகளைப் பற்றி எழுதப் போவதில்லை. காபிக் கடை பற்றி எழுத வேண்டும். மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்ததால் உள்ளே நுழைந்தேன். மெலாஞ்ச் என்று ஒன்றைக் கேட்டேன். சிறிய உலோகத் தட்டில் காபி, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், அந்தக் கிளாஸ் மேல் கவிழ்த்து வைத்த ஸ்பூன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பரிமாறுபவர் பில்லோடு வந்து நிற்கவே இல்லை. தண்ணீரை மட்டும் இரண்டு முறை மாற்றி வைத்தார். அடுத்த மேசையில் ஒரு பெரியவர், மரச் சட்டத்தில் மாட்டிய செய்தித்தாளைக் கொடி போலப் பிடித்துக்கொண்டு முழுதாகப் படித்து, எழுந்து போய்க் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்து வந்தார். எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரே தாளை நாலு பேர் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிப்பார்கள். அந்தக் காட்சிதான், நாற்காலிக்கு மட்டும் வெல்வெட் உறை.

லைப்ஸிக்கில் மாலை ஆனதும் அலுவலகம், டிராம், வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். நடுவில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் உறைத்தது.

இனி தண்டனை. திரும்பும்போது, சால்ஸ்பர்க் தாண்டி முதல் ஜெர்மன் நிறுத்தமான பிரைலாஸிங்கில் போலீஸ் ஏறியது. செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை போடுகிறது. ஆஸ்திரிய எல்லையில் அது 2015இலிருந்தே உண்டு. அட்டையை நீட்டினேன். "பாஸ்போர்ட்?" வீட்டில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது. என் பெயரைக் கையடக்கக் கருவியில் தட்டித் தேடி, ஒரு குட்டிப் பிரசங்கம் செய்து விட்டுவிட்டார்கள். பெட்டி முழுக்க என்னையே பார்த்தது.

ஆகவே அக்டோபர் 7இல் நான் எழுதியது தவறு. அட்டை பாஸ்போர்ட்டுக்குத் துணைதான். இரண்டும் கையில் இருக்க வேண்டும். பிராங்பர்ட் அண்ணன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தால் நல்லது.

26 நவம்பர் 2024

சும்மா இருக்கவில்லை.

2 டிசம்பர் 2024

இன்னொன்றையும் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை காதுத் தோடு அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அலமாரியை நகர்த்தினால், சுவரில் கறுப்பாகத் திட்டுத்திட்டாக, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பூஞ்சை. தொட்டால் ஈரம். கிட்டே போனால் மழைக்காலத்து மூட்டைச் சாக்கு வாசனை.

வீட்டு நிர்வாகத்திலிருந்து வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, என் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம் நீர் வழிந்துகொண்டிருந்தது. கொடியில் துவைத்த துணி. அடுப்பில் சோறு. "ஜன்னலை எப்போது திறப்பீர்கள்?" திறப்பதே இல்லை. குளிர் வந்துவிடுமே! சந்தில் துணி வேறு அடைத்து வைத்திருந்தேன். ஊரில் வெக்கை வராமல் இருக்கச் சாத்தினோம், இங்கே குளிர் வராமல் இருக்கச் சாத்துகிறோம் என்பது என் கணக்கு.

அவர் சொன்ன கணக்கு வேறு. துணி, சோறு, குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து காற்றில் ஈரம் ஏற்றுகின்றன. அது போக வழியில்லாமல், வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தில், அதாவது வெளிச்சுவரை ஒட்டி அலமாரி மறைத்த இடத்தில், போய் நீராகப் படிகிறது. தினமும் இரண்டு மூன்று முறை ஹீட்டரை மூடிவிட்டு, எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். ஸ்டோஸ்லுஃப்டன் என்று இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. மேல்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தால் போதாது. அப்படி நாள் முழுக்க வைத்தால் சுவர்தான் குளிரும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியாவது வேண்டும்.

போகிற போக்கில் ஹீட்டர் குமிழையும் பார்த்தார். நான் வீட்டுக்குள் வந்ததும் 5இல் வைத்துவிடுவேன், சீக்கிரம் சூடாகட்டும் என்று. அது காஸ் அடுப்புத் திருகு போல இல்லையாம். 3 என்றால் அறை சுமார் 20 டிகிரிக்கு வந்ததும் தானே நின்றுவிடும். 5 என்றால் சூடாகும் வேகம் அதிகமாகாது, சுமார் 28 டிகிரிவரை நிற்காது, அவ்வளவுதான். வருடக் கணக்கு வரும்போது தெரியும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

"குளிர் ஒரு பொருட்டே இல்லை" என்று எழுதினேனே, தெருவில் இல்லைதான். வீட்டுக்குள் அது ஒரு தனிப் பாடம்.

டொரோன்டோ அக்கா எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பூஞ்சைக்கு மட்டும் மனதார அனுதாபம் தெரிவித்திருக்கிறார்.

14 டிசம்பர் 2024

மால்மோவிலிருந்து எழுதுகிறேன். கோபன்ஹேகனில் தங்கி, கடல் பாலத்தின் மேல் ரயிலேறி ஸ்வீடனுக்கு வந்தேன். அரை மணிக்குச் சற்று மேல். பாஸ்போர்ட் எடுத்து வந்தேன். கேட்கவும் செய்தார்கள். அண்ணன் கவனிக்க.

நேற்று நமக்குத் திருக்கார்த்திகை. இவர்களுக்கு லூசியா திருநாள். அது எப்போதும் டிசம்பர் 13. இந்த ஆண்டு இரண்டும் ஒன்றாக விழுந்தன. பழைய நாட்காட்டியில் ஆண்டின் மிக நீண்ட இரவு அதுதான் என்று எண்ணி வந்திருக்கிறார்கள். காலையில் ஒரு தேவாலயத்துக்குப் போனேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள். கும்மிருட்டு. இருமல் சத்தம் மட்டும். பின்பக்கக் கதவிலிருந்து பாட்டு வந்தது, பிறகு வெளிச்சம் வந்தது. முன்னால் ஒரு பெண், வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் மெழுகுவத்திக் கிரீடம். பதினைந்து பதினாறு வயது இருக்கும். மெழுகு சொட்டுமோ என்ற பயத்தில் கழுத்தை அசைக்காமல், குடம் சுமப்பவள்போல நடந்து வந்தாள். பின்னால் இருபது முப்பது பிள்ளைகள், ஆளுக்கொரு சுடர். முடிந்ததும் குங்குமப்பூ போட்ட மஞ்சள் பன், எஸ் எழுத்துபோலச் சுருட்டி, இரண்டு சுழியிலும் ஓர் உலர்திராட்சை.

வெளியே வந்தால் அப்போதுதான் வெளுக்கிறது. எட்டரைக்கு விடிந்து மூன்றரைக்கு அடைந்துவிடுகிறது. ஆனால் தெருவில் எந்த ஜன்னலிலும் திரை இல்லை. எல்லாவற்றிலும் முக்கோணமாக ஏழு விளக்கு வைத்த தண்டு, அல்லது தாள் நட்சத்திரம். வீட்டுக்காரருக்கு மட்டுமான விளக்காகத் தெரியவில்லை. தெருவில் போகிறவருக்காகவும் ஏற்றியதுபோல இருக்கிறது. நாம் வாசல்படியில் அகல் வைப்பதும் அப்படித்தானே.

இரண்டு மாதமாகக் குளிர், ஈரம் என்று எதையோ பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். என்னைப் படுத்தியது இருட்டு. நவம்பரில் காரணமே இல்லாமல் அழுதிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவள் இதைப் படிக்க மாட்டாள்.

16 டிசம்பர் 2024

நேற்று இரவு லைப்ஸிக் திரும்பினேன். எங்கள் தெருவில் நடக்கிறேன், இடதுபக்கம் இரண்டாவது மாடியில் வில்போல வளைந்த மரச் சட்டத்தில் வரிசையாக விளக்கு. அடுத்த வீட்டிலும். எதிர்வீட்டிலும். தெரு முழுக்க. ஸ்விப்போகன் என்று பெயர். இங்கிருந்து தெற்கே எர்ட்ஸ் மலைச் சுரங்கத் தொழிலாளர்களின் வழக்கம். விடியுமுன் குழிக்குள் இறங்கி இருட்டிய பிறகு ஏறி வருகிறவர்கள், குளிர்கால வெளிச்சத்தையே பார்க்காதவர்கள். 1740இல் செய்த ஒன்றைத்தான் கிடைத்தவற்றில் மிகப் பழையது என்கிறார்கள். வளைவு சுரங்க வாயில் என்று ஒரு பேச்சு. தொங்கும் முள் நட்சத்திரமும் இதே சாக்சனியின் ஹெர்ன்ஹூட் ஊர்ச் சரக்கு.

இதற்கு நான் ஸ்வீடன்வரை போய்வந்திருக்கிறேன்! ஏன் கண்ணில் படவில்லை என்றால், குளிருக்குப் பயந்து நாலு மணிக்கே ஜன்னலின் உருளைத் தட்டியை இறக்கிவிடுகிறேனே, அதனால்.

இன்று இறக்கவில்லை. அகல் ஒன்றை ஜன்னல் திட்டில் வைத்தேன். பத்து நிமிடம், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. வாடகை ஒப்பந்தம் நினைவுக்கு வந்ததும் ஊதிவிட்டேன். நாளை மின்விளக்கு வாங்க வேண்டும்.

27 டிசம்பர் 2024

புதிதாக வருபவர்களுக்கு: 24ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு மேல் கடை கிடையாது. 25, 26 கிடையாது. எனக்குத் தெரிந்திருந்தது. மறந்துவிட்டேன். ரவை, வெங்காயம், அரை எலுமிச்சை. மூன்று வேளை உப்புமா, மறுநாளும் உப்புமா. உப்புமாவுக்கு எதிராக யாரும் இனி என்னிடம் பேச வேண்டாம்.

தம்பிக்கு விசா இன்னும் வரவில்லை. கோடைப் பருவத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறாராம்.

15 ஜனவரி 2025

நேற்று பொங்கல். அலுவலகத்துக்குப் போகுமுன், விடியாத ஏழு மணிக்கு, பால் பொங்கியது. கண்ணாடி மேற்பரப்பு அடுப்பில் பால் பொங்கினால் என்ன ஆகும் என்பதை மாலையில் ஒரு மணி நேரம் சுரண்டிப் புரிந்துகொண்டேன்.

4 பிப்ரவரி 2025

வெயிலைத் தேடி போர்த்துகல் போனேன். போர்ட்டோ, ஐந்து நாள். விமானத்தில். எல்லோரும் சொன்னது: தெற்கே போ, உடம்பு தேறும். கிளம்புமுன் வீட்டு ஹீட்டரை முழுக்க அணைக்காமல் பனிச்செதில் குறியில் வைத்தேன். குழாய் உறையாமல் இருக்க. இப்போது பழகிவிட்டது.

வெளியே 12 டிகிரி, மழை. பரவாயில்லை, ஐந்தே முக்கால்வரை வெளிச்சம் இருந்தது. அறைக்குள் 13 டிகிரி. உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்! கருங்கல் சுவர், ஓடு பதித்த தரை, ஹீட்டர் என்று சக்கரம் வைத்த ஒரு பெட்டி. அதன் முன்னால் இருக்கும் பக்கம் வேகும், மறுபக்கம் விறைக்கும். படுக்கை விரிப்பு தொட்டால் நனைந்த மாதிரி. மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு, குல்லாயோடு தூங்கினேன். லைப்ஸிக்கில் மைனஸ் 6இல்கூட வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடுதான் இருப்பேன். ஜெர்மன் ஜன்னலின் இரட்டைக் கண்ணாடியை முதல்முறையாக அன்போடு நினைத்தேன்.

வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். ஆங்கிலம் ஒரு வார்த்தை கிடையாது. படியேறி வந்து கையில் ஒன்றைத் திணித்து "ஷாவ்" என்றார். சாவி. ஜன்னலைக் காட்டி, திறக்காதே என்பதுபோலக் கையை ஆட்டி "ஜனெலா" என்றார். "மேஸா" என்று மேசையைத் தட்டினார். போர்வை எங்கே என்று சைகையில் கேட்டேன், "அர்மாரியு". அலமாரி! பத்து மாதமாக ஜெர்மன் வகுப்புக்குக் காசு கட்டி மன்றாடிக்கொண்டிருக்கிறேன், இந்த அம்மாள் நாலு வார்த்தை பேசினார், நாலும் புரிந்தது. போர்த்துகீசியர் கொண்டுவந்து நம்மிடம் விட்டுப்போன சொற்கள் என்று பள்ளியில் படித்ததுதான். அவற்றைச் சொல்பவர் வாயில் கேட்பது வேறு. நானும் பதிலுக்கு "ஜன்னல், சாவி, மேசை, அலமாரி" என்று சொல்லிக் காட்டினேன். அவர் கையைத் தட்டிச் சிரித்துவிட்டு, இன்னொரு கம்பளி கொண்டுவந்தார்.

கம்பளிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லை மட்டும் நாம் வாங்கிக்கொள்ளவில்லை. தேவைப்பட்டிருக்காது.

5 பிப்ரவரி 2025

"விமானம் எதற்கு, யூரெயில் பாஸ் வாங்கியிருக்கலாமே" என்று ஒருவர் கேட்க, நானும் வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். சூரிக்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா தடுத்தார். பல நாட்டு ரயில்களில் செல்லும் பாஸ்களில், யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. இங்கே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை, எங்கே குடியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு முறை, திரும்பி வர ஒரு முறை மட்டும் செல்லும்.

ஆக, நான் கடவுச்சீட்டில் திருச்சிக்காரி, ரயில் பாஸில் ஐரோப்பாக்காரி. அம்மாவிடம் சொன்னேன். "அதனால் சம்பளம் கூடுமா?" என்றாள்.

24 பிப்ரவரி 2025

அந்த பாஸில் புடாபெஸ்ட். 1913இல் திறந்த செச்செனி வெந்நீர்க் குளம். கதவிலிருந்து குளம்வரை இருபது அடி. மைனஸ் 3, ஈரக்கால், ஓட்டம். கழுத்துவரை இறங்கியதும் சுகம். தலைமுடியில் மட்டும் பனி கட்டியது. ஆவிக்குள் இரண்டு தாத்தாக்கள் மார்பளவு நீரில் நின்று சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயித்தார் என்று பார்க்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

தம்பியின் உறவினரைப் பற்றி ஒன்று. முதலில் அவரை எள்ளி நகையாடினேன். நவம்பரில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால், அலமாரியை எப்போது நகர்த்தியிருப்பேன்? அவர் பாதி சரி. ஆனால் கிளம்பாமலே இருந்திருந்தால் தட்டியை இறக்கியபடியே இருந்திருப்பேன். அவருடைய மற்ற பாதியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

31 மார்ச் 2025

நேற்று கடிகாரத்தைத் திரும்ப முன்னுக்குத் தள்ளினார்கள். அம்மாவுக்கு ஒன்பது, எனக்கு மறுபடி ஐந்தரை. ஏழரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. பூஞ்சை அடித்த சுவருக்கு வெள்ளை பூசியாயிற்று.

தம்பிக்கு விசா வந்துவிட்டது! ஏப்ரல் நடுவில் வருகிறாராம். ஆறு மாதமாக யாருக்காக இத்தனை பேர் சண்டை போட்டோமோ, அவர் அந்தக் குளிர்காலத்தைப் பார்க்காமலே வருகிறார். பிராங்பர்ட் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, முதல்முறையாக என்னைத் திருத்தாமல் சிரித்தார்.

தம்பி, கனமான கோட்டுக்குப் பெட்டியில் இடம் ஒதுக்காதீர்கள். இங்கே அக்டோபரில் வாங்கலாம். அந்த இடத்தில் நல்லெண்ணெய் வையுங்கள். டிக்கெட் போடும்போது 17ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் வந்து சேர்கிற மாதிரி பாருங்கள். 18 பெரிய வெள்ளி, 20 ஈஸ்டர், 21 திங்களும் விடுமுறை. நடுவில் 19 சனி ஒரு நாள்தான் கடை, அன்று ஊரே வரிசையில் நிற்கும். உங்களுக்கு அரிசியும் பாலும் வாங்கி வைக்கிறேன். ரவையும்.

எந்த ரயில் என்று எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு வருகிறேன். சொன்ன நேரத்துக்கு வராது, நான் காபி குடித்துக்கொண்டிருப்பேன்.